லீனா எந்த வீட்டில் இருக்கிறார்?

விடைபெறும் நாளில் முதலாளி என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். என் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். "எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கேசரி நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். "இத்தன வருசம் ரிசப்சன்ல இருந்த அக்கா இவ்வளவுதான் பேசுமா?" என்று உங்களில் ஒருவர் மற்றவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. ஆமாம், இவ்வளவுதான் பேசும். எழுதச் சொன்னால் இன்னும் கொஞ்சம் வரும். பள்ளிக்கூடத்திலேயே நான் அப்படித்தான். அதனால் சொல்ல நினைத்ததை எழுதித் தருகிறேன். வேலை இல்லாத மத்தியானத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

செம்மேட்டில் நம் விடுதிக்கு வருகிற வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டை எப்படிப் பதிவு செய்வது, அவர் வந்து சேர்ந்த ஒரு நாளுக்குள் அரசுக்கு எப்படித் தகவல் அனுப்புவது என்பதையெல்லாம் கணினியே உங்களுக்குச் சொல்லித்தரும். எனக்கே சொல்லித்தந்தது என்றால் உங்களுக்குச் சொல்லித்தராதா? அதை விட்டுவிடுகிறேன். கணினிக்குத் தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது. பனி விலகிய ஒரு காலையில், காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி விருந்தாளி மேசை மேல் சாய்ந்து கேட்பார். "நான் இங்கேயே இருந்துவிடலாமா?"

இந்த மலையில் ஒரு வாரம் தங்கியவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்டுவிடுவார்கள். பாதிப் பேர் சும்மா கேட்பார்கள். கீழே இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டியதும் மறந்துவிடுவார்கள். மீதிப் பேர் நிஜமாகவே கேட்பார்கள். அவர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்பதில்தான் இந்த வேலையே இருக்கிறது.

நான் சேர்ந்த புதிதில் இங்கிருந்த மேலாளர் எனக்கு ஒரே ஒரு தடைதான் போட்டார். "ஒண்ணும் ஆகாதுங்க" என்ற வார்த்தையை இந்த மேசையில் சொல்லக் கூடாது. அதற்கு முன் அவர் வேலை பார்த்த வேறொரு ஊர் விடுதியில், விசா முடிந்து நாலைந்து நாள் கூடுதலாக இருக்கலாமா என்று ஒரு பயணி கேட்டிருக்கிறார். அங்கிருந்த பையன் அன்பாக, "ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லியிருக்கிறான். விமான நிலையத்தில் அந்தப் பயணியை உட்கார வைத்துவிட்டார்கள். விமானம் போய்விட்டது. "நம்ம ஆறுதல் மலையடிவாரம் வரைக்குந்தாம்மா செல்லும். அதுக்கு மேல காயிதம்தான் பேசும்" என்பார் மேலாளர். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் கூச்சப்படுகிற எனக்குக் கடவுள் கொடுத்த ஒரே தைரியம் அதுதான்.

இனி லீனாவைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் அவரைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். எல்லார் தலைக்கும் மேலே ஒரு தலை தெரியுமே, அவர்தான்.

லீனா பின்லாந்துக்காரர். நாற்பது வயது இருக்கும். சுற்றுலா விசாவில் வந்து நம் விடுதியில் தங்கினார். தன் ஊர் கம்பெனி ஒன்றுக்கு மடிக்கணினியிலேயே வேலை பார்ப்பவர். பகலெல்லாம் மலையில் நடப்பார், சாயங்காலம் நம் கூடத்தில் உட்கார்ந்து தட்டுவார். அப்படி நடந்துபோன ஒரு நாள் எடப்புளி நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வெள்ளையம்மாவின் கையில் மாட்டிக்கொண்டார். வெள்ளையம்மா சாமை குத்திக்கொண்டிருந்தாள். லீனா நின்று பார்த்திருக்கிறார். "சும்மா நின்னு பாத்தா ஆச்சா? இந்தா கண்ணு, உலக்கையப் புடி" என்று கையில் கொடுத்துவிட்டாள். அன்று மாலை லீனா உள்ளங்கை கொப்புளத்தைக் காட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

கொப்புளம் ஆறுவதற்குள் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அந்த ஊர்ப் பெண்களோடு சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி. சாமைக்கு உமி நீக்க ஒரு இயந்திரம், மிளகையும் சாமையையும் சுத்தம் செய்து பொட்டலம் போட ஓர் அறை. அவர் ஊரில் வாங்க ஆள் இருந்தது. வெள்ளையம்மாவையும் கூட்டிக்கொண்டு மேசைக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நிஜமாகக் கேட்டவர்களில் அவரும் ஒருவர்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சுற்றுலா விசா ஊர் பார்க்கத்தான், தொழில் தொடங்க அல்ல. தொலைவில் இருந்தபடி வேலை செய்கிறவர்களுக்கென்று சில நாடுகள் தனி விசா கொடுக்கின்றன. நான் இதை எழுதும்வரை நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. இங்கே ஒரு கம்பெனி சம்பளத்துக்கு எடுத்தால் வேலை விசா. சொந்தமாகத் தொழில் செய்ய வந்தால் தொழில் விசா. கோடிக்கணக்கில் கொண்டுவந்து போடுகிறவர்களுக்கு நீண்ட காலம் குடியிருக்க வேறொரு வழி உண்டு. அதைச் சொன்னபோது லீனா தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்றிருந்த வெள்ளையம்மாவுக்கு இதெல்லாம் சுற்றி வளைத்த வழியாகத் தெரிந்தது.

"ஏனக்கா, நம்ம பசங்கள்ல ஒருத்தனக் கட்டி வெச்சுப்புட்டா இருந்துக்கலாமில்ல?"

"அதுக்கும் ஒரு விசா இருக்குது. ஆனா நெசக் கல்யாணமா இருக்கோணும்."

இதற்குள் கொஞ்சம் தமிழ் பிடித்துக்கொண்டிருந்த லீனா, "பையன் யாருங்க? சோறாக்குவானா?" என்று கேட்டார்.

வெள்ளையம்மா ஊர்ப் பையன்களை ஒவ்வொருவராக மனதில் நிறுத்திப் பார்த்தாள் போல. "ஒருத்தனும் தேற மாட்டான். நீ தொழில் விசாவே வாங்கிக்க சாமி" என்றாள். அடுத்து, தன் காட்டில் ஒரு மூலையை லீனா பேருக்கு எழுதி வைக்கிறேன் என்றாள். வெளிநாட்டுக் குடிமகள் பேரில் விவசாய நிலம் எழுத முடியாது என்றேன். "எம்பட காடு, நாங் குடுக்கறேன், அவிங்களுக்கு என்ன?" என்று கோபித்துக்கொண்டாள். கொடுக்கிற கையைத் தடுக்கிற வேலை இந்த மேசையில் அடிக்கடி வரும். பழகிக்கொள்ளுங்கள்.

சிக்கல் இனிமேல்தான். சுற்றுலா விசாவை இங்கே இருந்தபடியே தொழில் விசாவாக மாற்ற முடியாது. ஊருக்குத் திரும்பிப் போய் அங்கே விண்ணப்பித்து வாங்கிவர வேண்டும். கீழே சமவெளியிலிருந்த ஏஜென்டு ஒருவர் லீனாவுக்கு வேறு யோசனை சொல்லியிருந்தார். பக்கத்து நாட்டுக்கு ஒருமுறை போய்விட்டு மறுபடியும் சுற்றுலா விசாவிலேயே வாருங்கள், இப்படியே வருடக்கணக்கில் ஓட்டலாம் என்று. லீனா என் முகத்தைப் பார்த்தார். வெள்ளையம்மாவும் பார்த்தாள். மேலாளர் தடை போட்ட அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "ஊருக்குப் போய் முறையா வாங்கிட்டு வாங்க" என்றேன்.

லீனா போய்விட்டார். அடுத்த சந்தைக்கு வெள்ளையம்மா விடுதிக்கு வந்தாள். டீ கொடுத்தேன். டம்ளரை என் பக்கமே தள்ளி வைத்தாள். "நீதான போகச் சொன்ன? வந்த புள்ளையத் தொரத்தி உட்டுட்டு டீ வேற குடுக்கற." அவளுக்குப் பின்னால் அந்த ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. லீனா திரும்பி வரும்வரை ஒவ்வொரு சந்தையன்றும் நான் மேசைக்கு அடியில் எதையாவது தேடிக்கொண்டிருந்தேன்.

பலா பழுக்கும் காலத்தில் லீனா தொழில் விசாவோடு வந்து இறங்கினார். மறுநாள் வெள்ளையம்மா வந்தாள். ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கி மேசை மேல், கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாரம் கூடமெல்லாம் பலா வாசனை. தங்க வந்தவர்கள் எந்த ஊதுபத்தி என்று கேட்டார்கள்.

கம்பெனி பதிவையும் மற்றதையும் நாமக்கல் ஆடிட்டர் ஒருவர் பார்த்துக்கொண்டார். நமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்புவதும் நம் வேலைதான். இயந்திரம் வந்து இறங்கியது. பெண்கள் உலக்கையை மூலையில் சாய்த்தார்கள். லீனா வெள்ளையம்மாவின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் குடிவந்தவருக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒருவேளைச் சோறு போடுவார்கள். எல்லா வீட்டுச் சோறும் தின்றுவிட்டால் அவர் ஊர்க்காரர். ஊர்க்காரரைப் பற்றி வெளியாள் யாராவது விசாரித்தால், அதுவும் காக்கிச்சட்டை போட்டவர் விசாரித்தால், ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். லீனா எல்லா வீட்டுச் சோறும் தின்று முடித்திருந்தார்.

நீண்ட நாள் தங்குகிற வெளிநாட்டவர் மாவட்டத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர் சொன்ன முகவரியில் இருக்கிறாரா என்று பார்க்க உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து ஆள் வருவார். இருக்கிறார் என்று எழுதினால்தான் பதிவு நடக்கும். நடக்காவிட்டால் லீனா மூட்டை கட்ட வேண்டும். கம்பெனி, இயந்திரம், பெண்களின் புதுப் பிழைப்பு எல்லாம் அதோடு நிற்கும்.

ஒரு நாள் மத்தியானம் ஏட்டய்யா நம் விடுதிக்குள் நுழைந்தார். அடிவாரத்து ஊர்க்காரர், தொப்பையும் சிரிப்பும் உள்ள மனிதர். அன்று சிரிப்பைக் காணோம். நாற்காலியில் உட்கார்ந்து கால்களை நீட்டினார். சட்டை நனைந்திருந்தது.

"ஏம்மா ரிசப்சன், அந்தப் பின்லாந்து அம்மா ஊர விட்டுப் போயிட்டாங்களா?"

"இல்லீங்களே. அங்கதான இருக்கறாங்க."

"அங்க இல்லையாம். இப்பவும் இல்லையாம், எப்பவும் இல்லையாம். ஊருக்கே தலைவரு, ஊர்க்கவுண்டரு சொல்றாரு, வெள்ளைக்காரங்கள டிவிலதான் பாத்திருக்காராம்."

அவர் தொடர்ந்தார்.

"அந்த ஊட்டு வாசல்ல இத்தாம்பெரிய பூட்சு கெடக்குது. யாருதும்மான்னேன். எங்க மாமியாளுதுங்கன்னு சொல்லுது அந்தம்மா. உங்க மாமியா என்ன பட்டாளத்துலயா இருக்கறாங்கன்னேன். கண்ணு கூட இமைக்காம ஆமாங்குது."

என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. லீனா அன்று காலையிலேயே ஆடிட்டரைப் பார்க்க நாமக்கல் போய்விட்டார். காக்கிச்சட்டை வந்து அவர் பேரைச் சொன்னதும், பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பாசத்தோடு, ஒரே குரலில், லீனாவைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவரை ஊரைவிட்டே அனுப்பும் வேலையைச் செய்து முடித்துவிட்டார்கள்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் எழுதி அனுப்போணும்" என்றார் ஏட்டய்யா. "கண்ணுல பாத்தத எழுதறதா, காதுல கேட்டத எழுதறதா? ஊரே இல்லைங்குது. நான் மட்டும் பூட்ச நம்பி இருக்கறாங்கன்னு எழுதினா, நாளைக்கு என்னையக் கேப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். முந்தி உங்க விடுதிலதான இருந்தாங்க? இங்கயே இருக்கறதா எழுதிரட்டுமா? எனக்கும் சோலி முடிஞ்சுது, அந்தம்மாவுக்கும் நல்லது."

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். நம் இப்போதைய மேலாளரும் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "எழுதிக்கங்க சார், ரூம் காலியாத்தான் இருக்குது" என்றார். எல்லாக் கதவும் ஒரே பக்கம் திறந்திருந்தது. நான் தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். எனக்கு அதைவிட வசதி வேறென்ன?

ஆனால் லீனாவின் கம்பெனிக் காகிதத்தில் ஒரு முகவரி, வாடகை ஒப்பந்தத்தில் அதே முகவரி, இதில் மட்டும் வேறொன்று என்றால், அடுத்த வருடம் விசாவை நீட்டிக்கும்போது எந்த மேசையிலாவது ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். அப்போது பக்கத்தில் நானும் இருக்க மாட்டேன், இந்த ஏட்டய்யாவும் இருக்க மாட்டார். லீனா மட்டும் நின்றுகொண்டிருப்பார். தவிர, இல்லாத இடத்தில் இருப்பதாக எழுதிக்கொண்டு வாழ்வதற்கா அவர் அவ்வளவு தூரம் திரும்பிப் போய் முறையான விசா வாங்கி வந்தார்?

"வேண்டாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன். "அவங்க அங்கதான் இருக்கறாங்க. நீங்க இன்னொருக்கா வாங்க. நானும் வாரேன்."

"மறுக்காவும் அந்த ஏத்தமா?" ஏட்டய்யா தன் வயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதப் பாத்துட்டுமா சொல்ற?"

"மெதுவாப் போலாங்க."

ஒரு போலீஸ்காரரை மலையேறச் சொன்னது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய துணிச்சல். அவர் ஒரு வடையும் தின்று, இன்னொரு டீயும் குடித்துவிட்டு, பெருமூச்சோடு எழுந்தார். "வா, வா. உங்க ஊர்க்கவுண்டரு டிவிய இன்னொருக்காப் பாத்துட்டு வருவோம்."

அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் வெள்ளையம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அவரு லீனாவக் கூட்டிட்டுப் போக வரல. அங்க குடியிருக்கறாங்கன்னு எழுதத்தான் வந்தாரு. எழுதினாத்தான் லீனா இங்க இருக்க முடியும்."

"அய்யோ சாமி! அந்த மனுசன் அத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"இப்ப மறுபடி வாராரு. உள்ளதச் சொல்லோணும்."

"சொல்லிப்புடறோம் அக்கா. ஊரே சொல்லும்."

ஊரே சொல்லும் என்றபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு ஊடே ஊர் தெரிந்தது. ஊர் எல்லையில் ஊர்க்கவுண்டர் மோர்ச் சொம்போடு நின்றார். அவருக்குப் பின்னால் ஊர்.

"வாங்கய்யா, வாங்க! லீனாவா? இருக்குதுங்களே! எங்க ஊட்டுலதான் இருக்குது."

"அதெப்படி மாமா?" என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். "எங்க ஊட்டுலதான படுத்துத் தூங்குது."

"சோறு எங்க ஊட்டுல!" இது இன்னொருத்தி.

"அல்லாரும் வாய மூடுங்க!" என்று கத்திக்கொண்டு வெள்ளையம்மா கூட்டத்தைப் பிளந்து வந்தாள். "வாடகைக்கு இருக்கறது எங்க ஊட்டுல. அய்யா, எங்க ஊட்டுலதானுங்க."

"அப்ப அந்தப் பூட்சு?"

"அது... லீனாளுதுங்க."

"மாமியா பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆயிட்டாங்களாக்கும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெள்ளையம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஏட்டய்யா ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினார்.

"காலைல டிவிலதான் பாத்தேன்னீங்க?"

ஊர்க்கவுண்டர் அசரவில்லை. "நீங்க வெளிநாட்டுக்காரி இருக்கறாளான்னு கேட்டீங்க. எல்லா ஊட்டுலயும் சோறு தின்ன புள்ளைய எப்படிங்க அப்படிச் சொல்றது?"

"இத நான் அப்படியே எழுதினா எம்பேருல விசாரணை வெப்பாங்க" என்றார் ஏட்டய்யா. அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டார். "இங்க பாருங்க. காலைல ஒரு ஊட்டுலயும் இல்ல. இப்ப எல்லா ஊட்டுலயும் இருக்கறாங்க. நான் எத நம்பி எழுதறது?"

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று ஊர் எதிர்பார்த்தது. நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன். வெள்ளையம்மா சொல்வது நிஜம், நான் பார்த்திருக்கிறேன் என்று. அப்புறம் தோன்றியது, இதுவும் இன்னொரு வாய்தானே? காலையிலிருந்து அந்த மனிதர் காதில் விழுந்த வாய்கள் போதாதா? இனிமேல் யார் பேசினாலும் நிஜம் பொய்யைப் போலத்தான் கேட்கும்.

"ஏட்டய்யா, பஸ்சு வர்ற நேரந்தானுங்க. அவங்களே வந்துருவாங்க" என்றேன். பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னேன். "அவங்க வர்றப்ப ஒருத்தரும் ஒண்ணும் பேசாதீங்க. கைகூடக் காட்டாதீங்க."

அந்த ஊர் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். கோழிகள் கூட ஆச்சரியப்பட்டிருக்கும்.

லீனா தோளில் பையோடு பாதையில் ஏறி வந்தார். ஊரே நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். காக்கிச்சட்டையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வெள்ளையம்மாவைப் பார்த்தார். வெள்ளையம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஏட்டய்யா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எந்த வீட்டையும் பார்க்காமல் கேட்டார்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

"இருங்க, கொண்டாரேன்" என்றார் லீனா. பையைக் கீழே வைத்தார். ஊர்க்கவுண்டர் வீட்டைத் தாண்டினார். தூங்குவதாகச் சொன்ன வீட்டைத் தாண்டினார். சோறு போடுவதாகச் சொன்ன வீட்டையும் தாண்டினார். வெள்ளையம்மா வீட்டு வாசலுக்குப் போனார். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் வாசல் உங்களுக்குத் தெரியும், என் உயரத்துக்கே குனிய வேண்டும். ஊரிலேயே உயரமான ஆள் லீனா. வேகத்தைக் குறைக்கவில்லை, மேலே பார்க்கவில்லை, கையை நீட்டித் தடவவில்லை. அப்படியே மடங்கி உள்ளே போய்விட்டார். இருட்டுக்குள் பானை மூடி நகரும் சத்தம் கேட்டது. அதே போல மடங்கி வெளியே வந்தார். ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் ஒரு துண்டு வெல்லம்.

ஏட்டய்யா வெல்லத்தைக் கடித்துத் தண்ணீரைக் குடித்தார். நிதானமாகக் குடித்தார்.

"ஏம்மா, தலை இடிக்கறதில்லையா?"

"வந்த புதுசுல இடிச்சுச்சுங்க" என்றார் லீனா நெற்றியைத் தொட்டபடி. "இப்பத் தலைக்கே தெரியும்."

ஏட்டய்யாவின் சிரிப்பு திரும்பி வந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சரி, அந்த ரூமையும் ஒருவாட்டி பாத்துடறேன்" என்று விறுவிறுவென்று உள்ளே போனார்.

டங்கென்று ஒரு சத்தம்.

ஊரே "அய்யோ" என்றது. வெள்ளையம்மாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த வாய் தாங்கவில்லை. "அய்யா இங்க குடியிருக்கலீங்க. அது நிச்சயம்!"

ஏட்டய்யா நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிலைவாசலிலேயே நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வெள்ளையம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு கையால் தலையைத் தேய்த்தபடியே, லீனாவின் கட்டிலையும் மடிக்கணினியையும் ஜன்னலில் காய்ந்த காலுறையையும் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து எழுதினார். இறங்கும்போது, "விசாரணைக்கு வந்தவருக்குக் காயம்னு ஒரு வரி சேத்துக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்.

பதிவு நடந்தது. இயந்திரம் ஓடுகிறது. போன மாதம் பெண்கள் எனக்குப் பொட்டலம் போட்ட சாமையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அட்டையில் அவர்கள் ஊர்ப் பேரோடு. சந்தைக்கு வரும்போது வெள்ளையம்மா டீயைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். சர்க்கரை பத்தாது என்று குறையும் சொல்கிறாள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். விதிகள் மாறும். நான் மேலே எழுதியதே நீங்கள் படிக்கும்போது பழசாகியிருக்கலாம். அன்றைக்கு உள்ளதை அன்றைக்குப் பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் நல்ல மனதுக்காரர்கள் உங்களைச் சுற்றி நின்றுகொண்டு, ஒரு சின்னப் பொய்யைக் கையில் கொடுத்து, "இது அவங்களுக்கு நல்லதுதான்" என்று சொல்லும் நேரம் வரும். கெட்டவர்களிடம் இல்லை என்று சொல்வது சுலபம். அன்றைக்கு என்னைச் சுற்றி ஒரு கெட்டவர்கூட இல்லை. அதுதான் கஷ்டம். அப்போது வாய்கள் எல்லாம் ஓயும்வரை கொஞ்சம் காத்திருங்கள். கூச்ச சுபாவக்காரர்களுக்கு இது நன்றாக வரும்.

லீனா விசாவை நீட்டிக்கும்போதெல்லாம் ஏட்டய்யா மலையேற வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை போவதற்குள், வாசலை உயர்த்திக் கட்டிவிடலாம் என்று ஊர்க்கவுண்டர் சொல்லியிருக்கிறார். லீனா ஒத்துக்கொள்ளவில்லை. தனக்கு இருக்கும் நல்ல சாட்சி அந்த வாசல்தான் என்றிருக்கிறார்.

கடைசியாக ஏட்டய்யா மலையேறியபோது நானும் உடன் போயிருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் ஏட்டய்யா வீட்டுக்குள் நுழைந்தார். மேலே பார்க்கவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை. லீனாவைப் போலவே மடங்கி உள்ளே போய்விட்டார்.

வெள்ளையம்மா வாசலில் நின்றபடி என்னை இடித்தாள்.

"ஏனுங்கய்யா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், "அந்தக் காயிதத்துல உங்க பேரையும் எழுதிக்கறீங்களா?"